பாரிசுக்கும் மிலானுக்கும் ஒன்றரை மணித்தியாலம்

கல்முனை பசாரில் யாருக்காவது ஐரோப்பாவைப் பற்றிச் சந்தேகம் வந்தால் முஸ்தாக்கிடம் போவார்கள். போகாதவர்களைத் தேடி முஸ்தாக்கே வருவார். பிடவைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் நெருக்குப்பட்டு நிற்கிற டிக்கட் கடை அவருடையது. கண்ணாடிக் கதவில் ஈபிள் கோபுரம் ஒட்டியிருக்கும். உள்ளே ஒரு போட்டோக்கொப்பி மெஷின், பாஸ்போர்ட் படம் எடுக்க ஒரு நீலத் துணி, சுழலும் கதிரை ஒன்று. அந்தக் கதிரையில் இருந்தபடியே மனிசன் ஐரோப்பா முழுவதையும் சுற்றி வந்துவிட்டார்.

உண்மையில் அவர் போனது கத்தார் மட்டும்தான். அங்கே பதினொரு வருடம் ஓர் அரபி வீட்டு வாகனம் ஓட்டினார். அதற்கு அங்கால் ஓரடி வைத்ததில்லை. ஆனால் டிக்கட் போடுகிற கணினித் திரையில் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எவ்வளவு நேரம் என்று வருமல்லவா, அதைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டார். மனப்பாடம் செய்ததை அறிவு என்று நம்பிவிட்டார். பசாரும் சேர்ந்து நம்பியது. நம்புவதற்குச் செலவில்லைதானே.

"பிரசல்சா? பாரிசுக்கு அடுத்த பஸ் ஹோல்ட். இதுக்கெல்லாம் என்னத்துக்கு பிளேன்?" என்பார். "கொலோனா? அம்ஸ்டர்டாமில ஏறிக் குந்தினா, கண்ணயர முன்ன இறங்கிரலாம்."

கேட்டவர் தலையாட்டிக்கொண்டு போவார். போனவருக்குக் கொலோனில் ஒரு வேலையும் இருக்காது.

இதில் ஒரு விசேசம் என்னவென்றால், ஐரோப்பாவில் எல்லாமே கிட்டவாக இருக்கிற முஸ்தாக்குக்கு அம்பாறை மாவட்டத்தில் எல்லாமே தூரம். அவர் குடியிருப்பது சாய்ந்தமருதில். பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்கூட எடுக்காத அக்கரைப்பற்றில் சாச்சாவின் மகனுக்குக் கலியாணம் வந்தபோது, "அவ்வளவு தூரம் யாரு போற?" என்று சொல்லி அன்பளிப்பை மட்டும் யாரிடமோ கொடுத்தனுப்பினார். அவருடைய பெண்சாதி ஸுல்பிகாவின் கூடப்பிறந்த ராத்தா இருப்பது மருதமுனையில். கடையிலிருந்து சைக்கிளிலேயே போய்விடலாம். பெருநாளுக்குப் பெருநாள் ஸுல்பிகா கேட்பாள். பெருநாளுக்குப் பெருநாள் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும். அவள் ஓட்டோ பிடித்துத் தனியே போய்விட்டு வருவாள்.

ஸுல்பிகாவுக்கும் தூரம் அளக்க ஒரு கணக்கு இருந்தது. அது திரையில் வருகிற கணக்கில்லை. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுக்கிறது; மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். இரண்டு பெண்பிள்ளை என்றால் ஒரே வளவில், ஒரே மதிலுக்குள், இரண்டு வீடு. ராத்தா வீட்டுக் குசினியில் கறி இறங்கினால் ஆறுவதற்குள் தங்கச்சி வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். ஸுல்பிகாவின் அளவு அதுதான். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் தலைமாட்டில். ஒருத்தி பிள்ளை பெற்றுக் கிடந்தால் மற்றவள் நாற்பது நாளும் அடுப்படியில். இதற்குமேல் ஒரு தாய் என்ன கேட்பாள்?

மூத்தவள் ஹப்ஸாவுக்கு முஸ்தாக் வீடு கட்டினார். அதை மறுக்க முடியாது. பூச்சு வேலை முடிகிற நேரத்தில் பாரிஸ் மாப்பிள்ளை றிஸ்கான் வந்து சேர்ந்தான். கலியாணம் முடிந்து ஆறு மாதத்தில் ஹப்ஸா பாரிசுக்குப் போனாள். புதுவீட்டுக்குப் பூட்டுப் போட்டார்கள். இளையவள் றுக்ஸானாவின் வீட்டுக்கு அத்திவாரம் மட்டும் போட்டிருந்தது. தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. பக்கத்து வீட்டு ஆட்டை அதில்தான் கட்டுவார்கள்.

அந்த நேரம் பார்த்து மிலானிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் றிஷாட். நிந்தவூரான், நல்ல பிள்ளை, அங்கே ஒரு ஹோட்டலில் துப்புரவு வேலை. பையனின் மாமா சொன்ன ஒரு சொல்லில் முஸ்தாக்கின் முகம் பெருநாள் பிறை கண்ட முகமாகிவிட்டது. "வீடெல்லாம் இப்ப தேவல்ல முதலாளி. ரெண்டு பேரும் அங்கதானே இரிக்கப் போறாங்க."

ஸுல்பிகா மறுத்துவிட்டாள். மூத்தவளைக் கடலுக்கு அங்கால் அனுப்பியாயிற்று, இளையவளாவது கண்ணுக்குள் இருக்கட்டும் என்றாள். மூன்று நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நாலாம் நாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஹப்ஸாட வாப்பா, ரெண்டு பிள்ளைகளும் கிட்டக் கிட்டவா இரிக்குமா? ஒருத்திக்கு ஒண்டெண்டா மத்தவ போய்ச் சேருவாளா? அத மட்டும் சொல்லுங்க."

இதுதான் முஸ்தாக் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த கேள்வி. கலியாணப் பேச்சு நடக்கட்டும், எல்லாருக்கும் முன்னால் சொல்கிறேன் என்றார்.

கலியாணப் பேச்சன்று வீட்டு மண்டபத்தில் பாய் விரித்து நிந்தவூர் ஆட்கள் குந்தியிருந்தார்கள். றிஷாட் மிலானிலிருந்து போனில் முகம் காட்டிக்கொண்டிருந்தான். கதவுக்குப் பின்னால் ஸுல்பிகா. முஸ்தாக் தன்னுடைய பெரிய போனில் வரைபடத்தைத் திறந்து, பாரிசில் பெருவிரலையும் மிலானில் சின்ன விரலையும் வைத்தார். விரல்களை முழுக்க விரிக்கவே தேவைப்படவில்லை.

"இந்தா பாருங்க. ஒரு சாண் கூட இல்ல. பிளேன்ல ஒண்டரை மணித்தியாலம். நம்மட கல்முனையில ஏறி மட்டக்களப்புக்கு பஸ்ஸுல போக அதவிடக் கூட எடுக்கும்."

சபை வாய் பிளந்தது.

"ஒருத்திக்கு நோ வந்தா மத்தவ ஒண்டரை மணித்தியாலத்துல தலைமாட்டுல நிப்பா. இது என்ட பொறுப்பு."

போனுக்குள்ளிருந்து றிஷாட் மெதுவாக வாயைத் திறந்தான். "மாமா, அப்படிச் சுறுக்காப் போய் வர ஏலா. ஒங்கட மகள் வந்தாப் புறகு இஞ்ச இரிக்கிறதுக்குக் கார்ட் எடுக்கணும், அது வரும் வரைக்கும்..."

"மகன், நீங்க அங்க இரிக்கீங்க, நான் இஞ்ச இருந்து பாக்கிறன்," என்று முஸ்தாக் மறித்தார். "ஐரோப்பா எண்டுறது ஒரே வளவு. நடுவுல மதிலே இல்ல."

வளவு என்ற சொல் கதவுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. ஸுல்பிகாவின் மனம் இறங்கியது. ஆனாலும் பயம் விடவில்லை. "கறி ஆறிருமே," என்று கதவிடுக்கால் சொன்னாள். "மைக்ரோவேவ் எதுக்குகா இரிக்கி?" என்றார் முஸ்தாக். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு துஆ ஓதிச் சம்பந்தத்தை முடித்தார்கள்.

கலியாணம் முடிந்து றுக்ஸானா மிலானுக்குப் போய் ஒரு வருடமாயிற்று. ராத்தாவும் தங்கச்சியும் ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை. ஸுல்பிகா கேட்கும்போதெல்லாம் முஸ்தாக்கிடம் பதில் இருந்தது. குளிர் காலம் என்பார், பிறகு ரெயில்காரர்கள் வேலைநிறுத்தம் என்பார், பிறகு மருமகனுக்கு லீவில்லை என்பார். இதற்கிடையில் அடுத்த தெரு றிம்சான் விடுமுறைக்கு வந்து பாரிசுக்குத் திரும்பிப் போனான். எங்களூரில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் அவருடைய பெட்டியில் பாதி ஊருக்குச் சொந்தம். ஸுல்பிகா இரண்டு பார்சல் கட்டினாள். ஒன்று ஹப்ஸாவுக்கு, மற்றது றுக்ஸானாவுக்கு. "மிலானையும் எட்டிப் பாத்துக் குடுத்திட்டுப் போ தம்பி, வழியிலதான்," என்று முஸ்தாக் கட்டளையிட்டார். றிம்சான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மிலான் பார்சலில் இருந்த கீரி மீன் கருவாட்டைப் பாரிசில் அவனும் அறைக்காரப் பொடியன்மாரும் பொரித்துச் சாப்பிட்டார்கள். நல்ல கருவாடு என்று பிற்பாடு சொன்னானாம்.

அப்போதுதான் ஹப்ஸா உண்டாகியிருக்கிறாள் என்ற செய்தி வந்தது. தலைப்பிள்ளை. றிஸ்கானுக்கு ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை. பகல் போனால் சாமத்தில்தான் வருவான். வேலை நேரத்தில் போன் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். ஸுல்பிகா தானே போவதாக இருந்தாள். விசா கிடைக்கவில்லை. அவள் இரண்டு நாள் அழுதாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேறுகாரிக்குக் கறியாக்கிக் கொடுக்கிற மருந்துச் சரக்குகளை வறுத்து இடித்து டின்னில் போட்டாள். தபாலில் போகட்டும், சமைத்துக் கொடுக்கத் தங்கச்சி போவாள்.

"ஒண்டரை மணித்தியாலம்தானே?" என்று கேட்டாள்.

"ஒண்டரை மணித்தியாலம்தான்," என்றார் முஸ்தாக்.

அன்றைக்கே கடையில் குந்தி, தன் கையாலேயே றுக்ஸானாவுக்கு மிலானிலிருந்து பாரிசுக்கு டிக்கட் போட்டார். பேற்றுக்குக் குறித்த நாளுக்கு நாலு நாள் முந்தி. மாற்றவும் ஏலாது, திருப்பிக் கொடுக்கவும் ஏலாது என்று சிவப்பில் எழுதியிருந்த மலிவான டிக்கட். அதைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினார். பிறகு மருந்துக் கடைக்காரருக்கும் பிடவைக் கடைக்காரருக்கும் காட்டினார். தேத்தண்ணி கொண்டுவந்த ஆளுக்கும் காட்டினார்.

பின்னேரம் றிஷாட் அழைத்தான்.

"மாமா, டிக்கட் போட்டிருக்கீங்களாம். இவங்கட கார்ட் இன்னும் வரல்ல. கார்டுக்குப் போட்ட ரசீதுதான் இரிக்கி. இத வச்சிக் கொழும்புக்கு வரலாம், பிரான்சுக்குள்ள போக ஏலா. புடிச்சா மறுகா எல்லாம் பழுதாகிரும்."

"கார்ட் எப்ப வரும்?"

"தெரியா மாமா. சில ஆக்களுக்கு ரெண்டு வருசமும் தாண்டிப் போகுது."

"இத ஏன் மகன் முன்னமே சொல்லல்ல?"

"கலியாணப் பேச்சுலயே சொல்ல வந்தனே மாமா. நீங்கதான் மதிலே இல்ல எண்டீங்க."

மருமகனின் குரலில் கோபம் இருந்திருந்தால் முஸ்தாக் தப்பியிருப்பார். திருப்பி ஏசிவிட்டு மறந்திருப்பார். பொடியன் மரியாதையாகச் சொல்லிவிட்டான். முஸ்தாக் போனை வைத்துவிட்டுக் கதிரையை ஒரு சுற்றுச் சுற்றினார். இதை ஸுல்பிகாவிடம் சொல்ல வேண்டும் என்று தெரியும். சொல்லப் பயம். கார்ட் ஒருவேளை வந்துவிட்டால், சொல்லாமலே போய்விடும் அல்லவா? அதனால் வாயை மூடிக்கொண்டார். வாழ்நாளில் அவர் தானாக வாயை மூடிய முதல் தடவை அது. அதுவும் தவறான இடத்தில். மகள்மார் இருவரும் வாப்பா சொல்லியிருப்பார், உம்மாவின் மனதை மேலும் நோகடிப்பானேன் என்று அந்தக் கதையையே எடுக்கவில்லை.

டிக்கட் நாளுக்கு இரண்டு நாள் முந்தி, அஸர் தொழுகை முடிந்த கையோடு, ஸுல்பிகாவின் போனில் ஹப்ஸாவின் குரல்பதிவு வந்து விழுந்தது. அங்கே அப்போது பகல். "உம்மா, வயித்து நோ தொடங்கிட்டு. இவர் வேலைக்குப் போயிட்டார், போன் எடுக்கிறாரில்ல. நான் தர்சினி அக்காவோட ஆஸ்பத்திரிக்குப் போறன். துஆ செய்யுங்க உம்மா." பிறகு ஒரு முனகல். அதோடு முடிந்தது.

தர்சினி அக்கா யாரென்று ஸுல்பிகாவுக்குத் தெரியாது. இளையவளை அழைத்தாள்.

"றுக்ஸானா, ராத்தாக்கு நோ வந்திட்டு. நாளையண்டைக்கு வரைக்கும் பாத்துக்கு இரிக்காத. இப்பவே வெளிக்கிடு. ஒண்டரை மணித்தியாலம்தானே, மஹ்ரிபுக்குப் போய்ச் சேந்திருவாய்."

றுக்ஸானா அழுதாள். "உம்மா, வாப்பா ஒங்களுக்குச் சொல்லல்லியா?"

கடையில் அந்த நேரம் நல்ல கூட்டம். மருந்துக் கடைக்காரர் சும்மா வந்து குந்தியிருந்தார். நற்பிட்டிமுனையிலிருந்து ஒரு தாயும் தகப்பனும், மகளுக்கு வந்த சுவிஸ் சம்பந்தத்தைப் பற்றி விசாரிக்க வந்திருந்தார்கள். கண்ணாடிக் கதவு திறந்தது. இத்தனை வருடத்தில் ஸுல்பிகா அந்தக் கடைக்கு வந்தது திறப்பு விழாவுக்கு மட்டும்தான். ஓட்டோவில் வந்து இறங்கியவள் நேரே முஸ்தாக்கின் முன்னால் போய் நின்றாள்.

"பாரிசுக்கும் மிலானுக்கும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள்.

முஸ்தாக் எழும்பினார். திரும்பக் குந்தினார். மருந்துக் கடைக்காரர், பாவம், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டார். "ஒண்டரை மணித்தியாலம் ராத்தா!" என்றார். போட்டோக்கொப்பி எடுக்க வந்தவரும் "ஓம், ஒண்டரைதான்," என்றார். கடை முழுக்க அந்தப் பதில் தெரிந்திருந்தது. அத்தனை தடவை சொல்லியிருந்தார்.

"அப்ப ஒண்டரை வருசமா என்ட பிள்ள எந்த வழியில நிக்காள்?" என்று ஸுல்பிகா கேட்டாள். "ராத்தாக்காரி யாரோ ஒரு பொம்புளையோட ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாள். இவள் அங்க கதவடியில குந்தி அழுறாள். ஒங்கட பொறுப்பெண்டீங்களே. சொல்லுங்க, எவ்வளவு நேரம்?"

நற்பிட்டிமுனைக்காரர் பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு மெல்ல வெளியே போனார்.

அல்லாஹ்வின் காவல், எல்லாம் நல்லபடி நடந்தது. இஷாவுக்குப் பிறகு வீடியோ அழைப்பு வந்தது. பெண்பிள்ளை. ஹப்ஸா வெளிறிப்போய்க் கிடந்தாள், ஆனால் சிரித்தாள். பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்றவள் நெற்றியில் பொட்டு வைத்த ஒரு பெண். றிஸ்கான் அப்போதுதான் குசினி உடுப்போடு ஓடி வந்திருந்தான்.

"உம்மா, இவதான் தர்சினி அக்கா. எங்கட எதிர்வீடு. முழு நேரமும் கைய விடாம நிண்டவ."

"பயப்பிடாதீங்கம்மா," என்றாள் தர்சினி. "தாயும் பிள்ளையும் சுகம். உங்கட டின் வந்திட்டு, நாளைக்கு நான் கறி வச்சுக் குடுக்கிறன். எங்கட அம்மாவும் இதத்தான் இடிக்கிறவ. நாங்க திருக்கோவில்."

அக்கரைப்பற்றுக்குச் சற்று அங்கால் இருக்கிற திருக்கோவில் என்றதும் ஸுல்பிகா நிமிர்ந்தாள். "ஒங்கட உம்மா அங்கதான் இரிக்காவா மகள்?"

"ஓம். தனியத்தான். நான் பாத்து ஆறு வருசம். எனக்கு இஞ்சப் பேப்பர் இன்னும் சரிவரல்ல, ஊருக்கு வர ஏலா."

அழைப்பு முடிந்தது. ஸுல்பிகா புருசனின் பக்கம் திரும்பினாள். கடையில் கேட்டதற்குப் பிறகு அவரோடு கதைக்கிற முதல் கதை.

"நாளைக்குத் திருக்கோவிலுக்குப் போகணும். அந்தப் பிள்ளைட தாயைக் கண்டு ஒரு சொல்லுச் சொல்லணும்."

பழக்கதோசம் பொல்லாதது. யோசிக்க முன்னே முஸ்தாக்கின் வாயிலிருந்து வந்துவிட்டது.

"திருக்கோவிலா? அது சரியான தூரம்கா."

ஸுல்பிகா ஏசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை என்று முஸ்தாக்குக்குப் பட்டது. எழும்பிப் போய்ப் படுத்துவிட்டாள். விடியச் சுபஹ் தொழுதுவிட்டு ஒரு டின் மஸ்கட் அல்வா, ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு சேலை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். மத்தியானம் ஒரு செய்தி மட்டும் அனுப்பினாள். "வந்திட்டன். ஒங்களையும் பாக்கணுமாம். வந்து கூட்டிட்டுப் போங்க. வராட்டி இஞ்சயே நிப்பன்."

முஸ்தாக் கடையைப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை என்று ஊர்கள் வந்து வந்து போயின. அக்கரைப்பற்றில் சாச்சாவின் மகன் கடை வாசலில் நின்றான். கை காட்ட வெட்கமாக இருந்தது, தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போனார். தம்பிலுவில் கழிந்து வயல் காற்று முகத்தில் அடித்தபோது, இந்தப் பக்கம் தான் கடைசியாக வந்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தார். நினைவு வரவில்லை.

கோயில் வீதிக்குப் பின்னால் ஓட்டு வீடு. ஸுல்பிகாவும் தர்சினியின் தாய் வல்லியம்மையும் மாமர நிழலில் கதிரை போட்டு, ஒரே வளவில் பிறந்து வளர்ந்தவர்களாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அடுப்படியிலிருந்து கறி மணம் வந்தது. முஸ்தாக்கைக் கண்டதும் வல்லியம்மை எழும்பி, முந்தானையால் கதிரையைத் துடைத்துப் போட்டாள். தேத்தண்ணி கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, ஸுல்பிகாவை ஒருதரம் பார்த்துக்கொண்டாள். இவ்வளவு நேரமும் ஒரு கேள்வியை அவரிடம் கேட்பதற்கென்றே வைத்திருந்தவள் என்று தெரிந்தது.

"தம்பி, நீங்க டிக்கட் கடை வச்சிருக்கீங்களாம். உங்களுக்குத்தான் சரியாத் தெரியும் எண்டுதான் வரச் சொன்னன். எல்லாரும் பாரிஸ் இப்ப கிட்ட எண்டுறாங்க. காலையில ஏறினா இரவைக்குப் போயிரலாமாம். மெய்தானே? இஞ்ச இருந்து என்ட பிள்ளைட்டப் போக எவ்வளவு நேரம் எடுக்கும்?"

முஸ்தாக்குக்கு விடை தெரியும். கொழும்பிலிருந்து ஏறி, டோஹாவில் மாறி, இத்தனை மணித்தியாலம் இத்தனை நிமிடம் என்று நித்திரையிலும் சொல்லுவார். நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. ஸுல்பிகா அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தூரம் அக்கா," என்றார். "சரியான தூரம்."

வல்லியம்மை தலையை ஆட்டினாள். சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டு, "சோறு போடுறன், சாப்பிட்டுப் போங்க," என்று உள்ளே போனாள்.